சிரிக்கவும் வைக்கும் ராக் அண்ட் ரோல் எது?

கேள்வி: ராக் அண்ட் ரோல் வெறும் கூச்சல் என்கிறார் என் மாமனார். அவருக்குப் போட்டுக்காட்ட, சிரிப்பும் கொஞ்சம் விஷயமும் உள்ள பழைய பாடல்கள் சொல்லுங்கள்.

பதில் 1: கோஸ்டர்ஸ் குழுவின் 'யாக்கெட்டி யாக்' (1958). குப்பையைக் கொட்டு, தரையைத் தேய் என்று பிள்ளையை விரட்டும் பாட்டு. நடுவில் ஒரு கட்டைக்குரல் எதிர்த்துப் பேசாதே என்று அதட்டும். கிங் கர்ட்டிஸின் சாக்ஸபோன் பதிலுக்கு வாயாடும். மாமனார் கட்சிப் பாட்டு!

பதில் 2: ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரியை விட்டுவிடலாமா? 'நோ பர்ட்டிகுலர் பிளேஸ் டு கோ' (1964): காதலியோடு காரில் சுற்றுகிறான், நிலவொளியில் வண்டியை நிறுத்துகிறான், அவளுடைய சீட் பெல்ட் கழல மறுக்கிறது. வீடு வரும்வரை பெல்ட்மீதுதான் கோபம், அவள்மீது அல்ல. அதைக் கவனியுங்கள். மெட்டு 1957-இல் அவரே பாடிய 'ஸ்கூல் டே'. மனிதர் சிக்கனக்காரர்.

கேள்வி கேட்டவர்: சீட் பெல்ட் பாட்டை மாமனாரிடம் எப்படி ஐயா விளக்குவேன்?

பதில் 2: அப்படியானால் பெர்ரியின் 'டூ மச் மங்கி பிசினஸ்' (1956). காசை விழுங்கிய பொதுத் தொலைபேசி, பெட்ரோல் பங்க்கில் ஓயாத வேலை, ராணுவச் சாப்பாடு. புலம்பல்தான், ஆனால் தாளம் தப்பாத புலம்பல். ஓய்வுபெற்றவர் என்றால் இதையே முதலில் போடுங்கள்.