தாய்லாந்து ஓய்வுக்கால நீட்டிப்பு: 8 லட்சம் பாட்டைக் குறையாமல் வைத்திருந்த அனுபவம்

50 வயதைக் கடந்து தாய்லாந்தில் தங்கியிருப்பவர்கள் ஓய்வுக்காலத்தைக் கழிக்க ஆண்டுதோறும் வாங்கும் தங்கும் அனுமதி நீட்டிப்பைப் பற்றி எழுதுகிறேன். அதற்காகத் தாய்லாந்து வங்கிக் கணக்கில் காட்டும் 8 லட்சம் பாட்டை (அந்நாட்டு நாணயம்) சேர்ப்பதைவிட, ஆண்டு முழுக்க அதைக் காப்பதுதான் கஷ்டம். 2019 முதல் விதி இதுதான்: விண்ணப்பிப்பதற்கு முன் 2 மாதம், நீட்டிப்பு கிடைத்த பின் 3 மாதம், 8 லட்சம் குறையக் கூடாது. மற்ற மாதங்களில் 4 லட்சத்துக்குக் கீழே போகக் கூடாது.

மீதி ஏழு மாதம் பாதிப் பணத்தைச் செலவழிக்கலாமே என்று தோன்றும். நான் அதைத் தொடுவதே இல்லை. என் பெயரில் மட்டும் தனிக் கணக்கு, ஏடிஎம் கார்டு கிடையாது. வாடகை, மருந்து, கரண்ட் பில் எல்லாம் வேறு கணக்கிலிருந்து.

காரணம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், நீட்டிப்பு வாங்கிய இரண்டாம் மாதம் மருத்துவமனைச் செலவுக்கு அந்தக் கணக்கிலிருந்து எடுத்தார். சில நாட்களிலேயே திருப்பிப் போட்டும்விட்டார். அடுத்த ஆண்டு 12 மாத ஸ்டேட்மென்ட் கேட்டபோது அந்த ஒரு வரி கண்ணில் பட்டுவிட்டது. நீட்டிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நாட்டை விட்டு வெளியே போய், புது விசா எடுத்து, முதலிலிருந்து தொடங்கினார். உடம்பு முடியாத மனிதருக்கு எவ்வளவு அலைச்சல்! அதனால் சொல்கிறேன், மருத்துவச் செலவுக்கான பணம் இந்த 8 லட்சத்துக்கு வெளியே இருக்கட்டும்.

அப்புறம் பாஸ்புக். பல மாதம் பதியாமல் விட்டால், விடுபட்ட வரவு செலவையெல்லாம் மெஷின் ஒரே வரியாகச் சுருக்கி அச்சடித்துவிடும். எந்த மாதம் எவ்வளவு இருந்தது என்று அதை வைத்துக் காட்ட முடியாது. மாதம் ஒருமுறை பதிந்துவிடுங்கள். குடிவரவு அலுவலகம் போகும் நாளன்று காலையில் சிறு தொகை போட்டுப் பதிந்து, வங்கிக் கடிதமும் வாங்கிக்கொண்டு போவது என் வழக்கம். நீட்டிப்புக் கட்டணம் 1,900 பாட்.

பதில்:
நன்றி சார். நான் ஃபிக்சட் டெபாசிட்டில் வைத்திருக்கிறேன், எங்கள் பகுதிக் குடிவரவு அலுவலகத்தில் ஏற்கிறார்கள். ஆனால் ஒருமுறை, விண்ணப்பிக்கச் சில வாரம் முன்பு டெபாசிட் முதிர்ந்து தானாகப் புதுப்பிக்கப்பட்டது. புதிய தேதியைப் பார்த்த அதிகாரி, பணமே இப்போதுதான் வந்தது என்று நினைத்துவிட்டார். பழைய வரவைக் காட்டும் வங்கி ஸ்டேட்மென்ட்டைக் கொண்டுபோன பிறகே ஒப்புக்கொண்டார். முதிர்வுத் தேதியை நீட்டிப்புத் தேதியிலிருந்து தள்ளி வைப்பது நல்லது. இன்னொரு சந்தேகம்: மனைவிக்கும் தனியாக 8 லட்சம் காட்ட வேண்டுமா?

பதில்:
வேண்டியதில்லை சார். உங்களைச் சார்ந்தவர் என்ற முறையில் அவருக்கும் நீட்டிப்பு கிடைக்கும், முறையாகச் சான்றொப்பம் பெற்ற திருமணச் சான்றிதழ் வேண்டும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவர் தங்குவதற்கான அடிப்படையே போய்விடும். நம் பெயரில் மட்டும் இருக்கும் பணத்தையும் அவரால் உடனே எடுக்க முடியாது. எங்கள் வீட்டில் இதைப் பேசித்தான் அவர் பெயரிலும் ஒரு கணக்கு தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வருகிறோம். உயிலும் எழுதியாயிற்று.