லேடெக்: ஏழு படங்களும் அத்தியாயத்தின் கடைசியில் போய்க் குவிகின்றன, உதவுங்கள்

கேள்வி
வணக்கம். குடிசார் பொறியியல் இறுதியாண்டு ஆய்வறிக்கையை லேடெக் (LaTeX) என்ற ஆவணம் அமைக்கும் மென்பொருளில் எழுதுகிறேன். கொழும்பு வெள்ளவத்தைக் கால்வாயின் நீர்மட்டம் மழைக்காலத்தில் ஏறி இறங்குவதைப் பற்றியது. நான்காம் அத்தியாயத்தில் எட்டுப் படங்கள் உள்ளன. முதலாவது சொன்ன இடத்தில் நிற்கிறது. மற்ற ஏழும் எழுத்தெல்லாம் முடிந்த பிறகு வரிசையாக வந்து விழுகின்றன. எல்லாவற்றுக்கும் ‘இங்கே’ என்பதற்கான சிறிய எச் (h) கொடுத்திருக்கிறேன். அகலமும் எழுத்துப் பரப்பின் முழு அகலம்தான்.

இன்னொன்று: எந்தப் படத்தைக் குறிப்பிட்டாலும் ‘படம் 4.2’ என்றே அச்சாகிறது. வெள்ளிக்கிழமை காலி வீதியில் அச்சிட்டுக் கட்டக் கொடுக்க வேண்டும். இரண்டு இரவாகத் தூக்கமில்லை.

பதில் 1
ஃப்ளோட் (float) என்ற துணைத் தொகுப்பைச் சேர்த்து, ‘இங்கேயேதான்’ என்பதற்கான பெரிய எச் (H) போடுங்கள். படம் அசையாது.

கேட்டவர்
போட்டேன் அண்ணா, அசையவில்லை. ஆனால் இரண்டாவது படத்துக்கு முந்தைய பக்கத்தில் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடக்கிறது.

பதில் 2
தங்கச்சி, பெரிய எச்சை எடுத்துவிடுங்கள். அது நோயை மறைக்கும், தீர்க்காது. அந்த இரண்டாவது படம் நெட்டையானதா? ஓரங்கள் எவ்வளவு?

கேட்டவர்
ஆம் அக்கா. கால்வாய்ச் சுவரில் உள்ள நீர்மட்ட அளவுகோலைத் தொலைபேசியில் நிமிர்த்திப் பிடித்து எடுத்தது, 3:4 விகிதம். ஏ4 தாள், கட்டுவதற்காக இடப்பக்கம் 3.5 செ.மீ., மற்ற மூன்று பக்கமும் 2.5.

பதில் 2
அதுதான் வழியை அடைத்து நிற்கிறது. எழுத்துப் பரப்பு 15 செ.மீ. அகலம், 24.7 செ.மீ. உயரம். 15 அகலத்தில் உங்கள் படம் 20 செ.மீ. உயரம் பிடிக்கும். பக்கத்தின் மேற்பகுதியில் படங்களுக்கு லேடெக் விடுவது 70 சதவீதம், அதாவது 17.3 செ.மீ. நடுவில் வைப்பதானாலும் 20 சதவீதம் எழுத்துக்கு மிஞ்ச வேண்டும். படத்துக்குக் கிடைப்பது 19.8தான். தலைப்பு வரி வேறு இருக்கிறது. சிறிய எச்சைத் தனியாகக் கொடுத்தால் லேடெக் தானாக ‘மேலே’ என்பதையும் சேர்த்துக்கொள்ளும், தனிப்பக்கத்தைச் சேர்க்காது. ஆகவே அந்தப் படத்துக்குப் போக இடமே இல்லை. படங்கள் வரிசை மாறக் கூடாது என்பதால் பின்னால் வந்த ஆறும் அதற்காகக் காத்துக் கிடக்கின்றன. அடுத்த அத்தியாயம் தொடங்கும்போதுதான் எல்லாம் வெளியே கொட்டுகின்றன.

உயரத்தைப் பரப்பின் 0.55 மடங்குக்குள் அடக்கலாம். அகலம் பத்து செ.மீ. வரை சுருங்கும். அளவுகோலின் இலக்கங்கள் வாசிக்கப்பட வேண்டுமென்றால் அதற்கு மட்டும் ‘தனிப்பக்கம்’ கொடுங்கள். எனக்கு இரண்டாவது வழிதான் சரியாகப் படுகிறது, உங்கள் ஆய்வே அந்த இலக்கங்களில்தானே நிற்கிறது. மற்றவற்றுக்கு ‘இங்கே, மேலே, கீழே, தனிப்பக்கம்’ நான்கையும் சேர்த்துக் கொடுங்கள்.

எண் பிழைக்குக் காரணம், படத்தைப் பிறகு எண்ணால் குறிப்பிட உதவும் லேபிள் கட்டளை, படத்தின் தலைப்புக் கட்டளைக்கு முன்னால் இருப்பது. படத்தின் எண் தலைப்பில்தான் பிறக்கிறது. அதற்கு முன் லேபிள் வைத்தால் பிரிவு எண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

கேட்டவர்
சரியாகிவிட்டது அக்கா! அளவுகோல் தனிப்பக்கத்தில் நிற்கிறது, 1.35 மீற்றர்க் கோடுகூடத் தெளிவாகத் தெரிகிறது. லேபிளைத் தலைப்புக்குக் கீழே இறக்கி, லேடெக்கை இரண்டு தடவை ஓட்டியதும் எண்களும் வந்துவிட்டன. ‘கீழேயுள்ள படத்தில்’ என்று பல இடங்களில் எழுதியிருக்கிறேன். அவற்றை என்ன செய்வது?

பதில் 2
எல்லாவற்றையும் எண்ணாக மாற்றுங்கள். படம் இனி எந்தப் பக்கத்துக்கு நகர்ந்தாலும் அந்த வாக்கியம் பொய்யாகாது.

கேட்டவர்
பதினொரு இடங்கள் இருக்கின்றன. இப்போதே தொடங்குகிறேன்.