மறு: வேக்கம் அட்வான்சுக்குத் தமிழில் என்ன?

> 'வெற்றிட முன்னேற்றம்' என்றே வைத்துவிடலாமே.

ஐயா, வேண்டாம். வேக்கம் அட்வான்ஸ் என்பது, பெட்ரோல் எஞ்சினில் உறிஞ்சல் கூடும்போது தீப்பொறியைச் சற்று முன்னதாக விழவைக்கும் அமைப்பு. முன்னேற்றம் என்றால் ஊர் முன்னேற்றச் சங்கம்தான் நினைவுக்கு வருகிறது. வெற்றிடமும் ஒட்டவில்லை. அங்கே இருப்பது வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம், அவ்வளவுதான்.

பெங்களூரு ஜே.சி. ரோடு பக்கத்துச் சந்து ஒன்றில், கார்ப்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் உறுப்பு) காலத்து மாருதி 800 வண்டிகளைப் பார்க்கும் நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். சிலிண்டர்களுக்குப் பொறிக்கான மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டர் அவருக்கு 'டெல்கோ'. அதன் மூடியைக் கழற்றினார். கார்ப்பரேட்டரிலிருந்து வரும் ரப்பர் டியூப்பை உருவி, வாயில் வைத்து இழுத்தார். பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் சி.பி. பாயிண்ட் பூட்டிய தட்டு லேசாகத் திரும்பியது. டியூப் வாயை நாக்கால் அடைத்துக்கொண்டு பார்த்தார். தட்டு அப்படியே நின்றது. விட்டதும் டக்கென்று பழைய இடத்துக்குப் போனது. "டயாஃப்ரம் நல்லா இருக்கு சார்." உறிஞ்சலில் இழுபட்டுத் தட்டைத் திருப்பும் மெல்லிய திரை அது. கிழிந்திருந்தால் இழுக்க இழுக்கக் காற்றுதான் வரும், தட்டு நகராது. மைலேஜும் அடிவாங்கும்.

வேலை செய்வது உறிஞ்சல்தான் என்று இதைப் பார்த்தாலே தெரியும். லேசாக மிதித்துச் சீராக ஓட்டும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு, எரிவதும் மெதுவாக. அதனால் பொறி கொஞ்சம் முந்த வேண்டும். முழுசாக மிதித்தால் உறிஞ்சல் குறைந்து தட்டு திரும்பிவிடும். ஆகவே என் ஓட்டு 'உறிஞ்சு முந்தல்'. எஞ்சின் வேகம் கூடக்கூட எடைக்கட்டிகள் விரிந்து பொறியை முந்தவைப்பது 'சுழல் முந்தல்'. இரண்டும் ஒரே டெல்கோவுக்குள் இருப்பதால் பெயரும் ஜோடியாக இருப்பது நல்லது.

> 'பொறிமுந்தல்' இன்னும் சுருக்கமாயிற்றே?

சுருக்கம்தான் அம்மா. ஆனால் பொறி என்றால் இயந்திரம் என்றும் பொருள்; பொறியியல் படித்தவர் அதை 'எஞ்சின் முந்துகிறது' என்று படிப்பார். எந்த வகை முந்தல் என்பதும் அதில் இல்லை.

> உறிஞ்சு என்றால் இளநீர் குடிப்பதுபோல் இருக்கிறது.

இருக்கட்டுமே, சோதிப்பதும் அப்படித்தானே! உறுப்புக்கு 'உறிஞ்சு முந்தி' போதும். கையேட்டு வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "டைமிங் பார்க்கும் முன் உறிஞ்சு முந்தியின் டியூப்பைக் கழற்றி, கார்ப்பரேட்டர் பக்கத்து முனையை அடைக்கவும்." எனக்கு இடறவில்லை. டயாஃப்ரமுக்கு 'உதரவிதானம்' மட்டும் வேண்டாம், அது டாக்டர்களிடமே இருக்கட்டும். 'சவ்வு' சரி.

பொறி தாமதமாக விழும் ரிட்டார்டுக்கு 'பிந்தல்' என்று போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள், அப்புறம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுவேன்.