டிசைன் படிச்சு முடிச்சுட்டேன், கேட்ட காசுதான் வரமாட்டேங்குது

பட்டர்வொர்த் தங்கச்சி:
வணக்கம். மலேசியாவுல வியாபாரம் பதியற எஸ்எஸ்எம் ஆணையத்துல வருசத்துக்கு 60 வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பதிஞ்சு, வீட்டுலயே லோகோ வேலை செய்றேன். பினாங்கு லிட்டில் இந்தியாவுல ஒரு துணிக்கடைக்கு நாலு மாதிரி போட்டேன். பிடிச்சதைப் பலகையில அடிச்சு மாட்டிட்டாங்க. 800 வெள்ளி கேட்டா, "நம்ம புள்ளதானே, தீபாவளிக்கு அப்புறம் பாப்போம்"ங்கறாங்க. காலேஜ்ல நிறம், எழுத்துரு எல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க. விலை சொல்ல யாரும் சொல்லித் தரலை.

பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்து அண்ணன்:
தங்கச்சி, பாதிப் பணம் கைக்கு வராம பென்சிலைத் தொடாதே. திருத்தம் ரெண்டு தடவைதான்னு முதல்லயே எழுது. மூல ஃபைலைக் கடைசிக் காசு வந்த பிறகுதான் அனுப்பணும். முக்கியமா ஒண்ணு: 1987 பதிப்புரிமைச் சட்டம் 26வது பிரிவுப்படி, வேற ஒப்பந்தம் இல்லேன்னா, சொல்லிச் செய்யவெச்ச வேலையோட உரிமை செய்யச் சொன்னவருக்கே போகும். அதனால "முழுப் பணம் கட்டிய பிறகே உரிமை மாறும்"னு ஒரு வரி போட்டு கையெழுத்து வாங்கு.

செந்தூல்காரி:
800க்கு வக்கீல் வேணாம். மாஜிஸ்திரேட் கோர்ட்டுல 5,000 வெள்ளி வரைக்கும் சிறு கோரிக்கை வழக்கு நாமே போடலாம். வாட்ஸ்அப் பேச்சை அழிச்சிடாதம்மா.

பட்டர்வொர்த் தங்கச்சி:
எல்லாம் பத்திரமா இருக்கு அக்கா. அண்ணே, அந்த வரியை இன்னிக்கே கொட்டேஷன்ல சேத்துடறேன்.