கிராஜுவலி, ஸ்லைட்லி, சட்லி: ஒன்றுக்குப் பதில் ஒன்றைப் போடலாமா?

முல்லைக்கொடி:
ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் தேர்வில், வரைபடத்தை விவரித்து எழுதும் ரைட்டிங் முதல் டாஸ்க்குக்குப் பயிற்சி செய்கிறேன். வரைபடத்தில், பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள் 2000-இல் 40 சதவீதம், 2005-இல் 37, 2010-இல் 34, 2015-இல் 31, 2020-இல் 30. 150 வார்த்தைக்குள் 'கிராஜுவலி' நாலு தடவை வந்துவிட்டது. திசாரஸைப் (ஒத்த சொல் அகராதி) பார்த்தால் ஸ்லைட்லி, சட்லி, இம்பர்செப்டிப்ளி எல்லாம் ஒரே வரிசையில் இருக்கின்றன. மாற்றி மாற்றிப் போட்டால் மார்க் ஏறுமா?

சொல்லேர்:
இறங்கும். திசாரஸ் உறவுக்காரர்களைக் காட்டுமே தவிர, யார் இடத்தில் யார் உட்காரலாம் என்று சொல்லாது.

கிராஜுவலி என்பது மாற்றம் நடந்த விதம். படிப்படியாக. லத்தீனில் 'கிராடுஸ்' என்றாலே படிதான், நம் 'படிப்படியாக'வும் அதே மாதிரி படியிலிருந்துதான் வருகிறது. மொத்த மாற்றம் எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம்: ஆற்றுத் தண்ணீர் படிப்படியாக ஏறி வீட்டையே மூழ்கடிக்கும். ஸ்லைட்லி, மார்ஜினலி இரண்டும் அளவு. சற்றே, அவ்வளவுதான். அது திடீரென்றும் நடக்கலாம், ராத்திரியோடு ராத்திரியாக விலை ஒரு ரூபாய் ஏறுகிற மாதிரி.

உங்கள் கணக்கில் 2000 முதல் 2015 வரை ஒவ்வொரு ஐந்து வருடமும் சரியாக 3 இறங்குகிறது. அதற்குப் பொருத்தமான சொல் ஸ்டெடிலி: ஒரே சீராக, இடையில் நிற்காமல். அங்கே ஸ்லைட்லி போட்டால் தகவலே தப்பு. 40-இல் 9 போவது கிட்டத்தட்ட கால்வாசி. ஸ்லைட்லிக்கு இடம் கடைசி ஐந்து வருடம், 31-லிருந்து 30.

சட்லியை வரைபடம் பக்கமே கொண்டுவராதீர்கள். ரசத்தில் பெருங்காயம் ஒரு சிட்டிகை கூடினால் ருசி மாறியது தெரியும், என்ன மாறியது என்று சொல்ல வராது. அதுதான் சட்லி. குரல், நிறம், பேச்சின் தொனி, இதற்கெல்லாம் சரி. (எழுத்தில் நடுவே 'பி' இருந்தாலும் உச்சரிப்பில் 'ப்' கிடையாது. முன்பு ஆங்கிலத்தில் பெரும்பாலும் அது இல்லாமலேதான் எழுதினார்கள், லத்தீன் சாயலுக்காகப் பின்னால் நுழைத்தது.) இம்பர்செப்டிப்ளி என்றால் யாரும் உணராதபடி. எண்ணைப் போட்டுக் கோடும் வரைந்த பிறகு யாருக்குத் தெரியாமல் இறங்கியது?

நாலாம்தமிழ்:
மேலே சொன்னது சரி. ஆனால் சில சொற்களுக்கு நிறமும் உண்டு, அதைப் பார்க்காமல் எடுத்தால் மாட்டிக்கொள்வோம்.

இன்சிடியஸ்லி: பதுங்கி இருந்து தாக்குவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்தது. கெட்டதற்கு மட்டும்தான். கிளாக்கோமா என்ற கண்நோயில் பெரும்பாலும் வலியே இல்லாமல் பக்கவாட்டுப் பார்வை மெல்லப் போகும், அங்கே இது கச்சிதம். 'குழந்தையின் ஆங்கிலம் இன்சிடியஸ்லி முன்னேறியது' என்றால் சிரிப்பார்கள்.

இன்க்ரிமென்டலி: சம்பள இன்க்ரிமென்ட்டில் இருக்கும் அதே சொல். சிறுசிறு துண்டாகக் கூட்டிக்கொண்டே போவது, பெரும்பாலும் ஒருவர் திட்டமிட்டுச் செய்வது. முடி உதிர்வதற்குப் பொருந்தாது.

ப்ரோக்ரசிவ்லி: போகப்போக. 'ப்ரோக்ரசிவ்லி வொர்ஸ்' என்று ஒப்பீட்டுச் சொல்லோடு வந்தால் நன்றாக உட்காரும். பெயரில் முன்னேற்றம் இருந்தாலும் நோய் முற்றுவதற்கும் இதுதான்.

கடலோரம்:
நம்மவர்கள் அதிகம் வழுக்குவது வேறு இடத்தில். மெல்ல மெல்ல, கொஞ்சம் கொஞ்சமாக என்று இரட்டித்துப் பேசிய வாய், 'ஸ்லோலி ஸ்லோலி' என்று எழுதிவிடும். பரீட்சைத் தாளில் அது வேண்டாம். 'லிட்டில் பை லிட்டில்', 'பிட் பை பிட்' உண்டு, ஆனால் பேச்சு வாடை அடிக்கும், டாஸ்க் ஒன்றில் தவிருங்கள். 'வர வர' என்பதற்கு இன்க்ரீசிங்லி, பின்னால் பெரும்பாலும் பெயரடை வரும்: 'இன்க்ரீசிங்லி காமன்'. 'இன்க்ரீசிங்லி இன்க்ரீஸ்டு' என்று எழுதினால் கூட்டியதையே கூட்டியதாகும்.

இன்னொரு வழி, வினையுரிச்சொல்லையே விட்டுவிடுவது. 'எட்ஜ்டு டவுன்' என்றாலே துளி இறங்கியது. 'டிவிண்டில்டு' என்றாலே சிறுகச் சிறுகக் கரைந்தது, அதற்கு முன்னால் கிராஜுவலி எதற்கு? 'எ ஸ்டெடி ஃபால்' என்று பெயர்ச்சொல்லாகத் திருப்பினாலும் வாக்கியம் மாறிவிடும்.

முல்லைக்கொடி:
நன்றி. திருத்தியது: 'தி ஃபிகர் ஃபெல் ஸ்டெடிலி பை 31 பர்சென்ட் இன் 2015, அண்ட் தென் எட்ஜ்டு டவுன் ஸ்லைட்லி டு 30 பர்சென்ட்.' சரியா?

சொல்லேர்:
மூன்று இடம். 'பை 31' என்றால் 31 குறைந்தது என்று அர்த்தம், 31-க்கு வந்தது என்றால் 'டு 31'. குறைந்ததைச் சொல்வதானால் 'பை 9 பர்சென்டேஜ் பாயின்ட்ஸ்'. அதை 9 பர்சென்ட் என்று எழுதாதீர்கள், 40-இல் 9 போனால் 22.5 பர்சென்ட். அடுத்து, ஸ்டெடிலி இருக்கும்போது 'இன் 2015' என்றால் எல்லாம் அந்த ஒரே வருடத்தில் நடந்ததாகிவிடும், 'பிட்வீன் 2000 அண்ட் 2015' வேண்டும். கடைசியில் எட்ஜ்டு பக்கத்தில் நிற்கும் ஸ்லைட்லியை அடித்துவிடுங்கள், கடலோரம் சொன்ன காரணம்தான்.