புதுப்பிப்பு: வீட்டுக்காரர் பூட்டிய வீடு, திறந்தாயிற்று

மட்டக்களப்பு கல்லடியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டை, ஊருக்குப் போயிருந்த நேரம் வீட்டுக்காரர் வேறு ஆமைப்பூட்டுப் போட்டுப் பூட்டிவிட்டார் என்று எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சாவி கிடைத்துவிட்டது.

பூட்டை உடைக்கச் சொன்ன தம்பி கோபிக்க வேண்டாம், அதை மட்டும் செய்யவில்லை. பொலிஸில் முறைப்பாடு எழுதினார்கள், ஆனால் "இது சிவில் பிரச்சினை" என்று அனுப்பிவிட்டார்கள். கைகொடுத்தது '66ஆம் பிரிவு' என்று ஒரு அக்கா எழுதிய பதில்தான். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தில் உள்ள பிரிவு அது. அமைதி குலையும் நிலை இருந்தால், பொலிஸ் வழக்கு வைக்காவிட்டாலும் நாமே சத்தியக்கடதாசியுடன் (சத்தியம் செய்து கையெழுத்திட்ட எழுத்து வாக்குமூலம்) அந்த நீதிமன்றத்துக்குப் போகலாம். வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் போனால்தான் வீட்டில் இருந்த இருப்பைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கலாம். நான் ஐந்து கிழமையை வீணாக்கியிருந்தேன், நல்லவேளை.

சட்ட உதவி ஆணைக்குழுவில் வருமானம் விசாரித்துவிட்டு உதவினார்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லையே என்று பயந்தேன். வங்கியில் வாடகை போட்ட துண்டுகளும் கிராம அலுவலரின் கடிதமும் போதுமாக இருந்தன. நான் எதிர்பாராதது: வீடு யாருடையது என்று இந்த வழக்கில் நீதிமன்றம் பார்ப்பதில்லை, யார் இருந்தார் என்பதே கேள்வி. அதற்கும் முன்னர் சமாதானமாக்கப் பார்ப்பார்கள். எங்களுடையது அதிலேயே முடிந்தது: சாவி கைக்கு வந்தது, வீடு மாற மூன்று மாத அவகாசம், போகும்போது முற்பணம் திரும்பக் கிடைக்கும்.

குளிர்சாதனப்பெட்டியில் விட்டுப்போன மீனைப் பற்றிக் கேட்காதீர்கள்.