அம்மாவுக்குப் பிறப்புறுப்பில் தீராத அரிப்பு: ஸ்டீராய்டு களிம்பு போடலாமா?

கேள்வி:
அம்மாவுக்கு 58 வயது. இரண்டு வருடமாக அங்கே அரிப்பு, இரவில் தூக்கமே இல்லை. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல், மருந்துக்கடையில் படர்தாமரைக் களிம்பு வாங்கிப் போட்டிருக்கிறார். போன வாரம்தான் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். தோல் வெளுத்து, மெல்லிய காகிதம் போலச் சுருங்கியிருக்கிறது. லைக்கன் ஸ்க்லெரோசஸ் என்ற தோல் அழற்சி என்று சொல்லி, குளோபெட்டாசால் என்ற ஸ்டீராய்டு ஆயின்மென்ட் எழுதிக் கொடுத்தார். உள்ளே இருந்த தாளில் ‘பிறப்புறுப்பில் போடக்கூடாது’ என்று பார்த்துவிட்டு அம்மா தொடவே மாட்டேன் என்கிறார். அப்பாவுக்கு ஒட்டுமோ என்ற பயம் வேறு.

பதில் 1:
தங்கச்சி, ஒட்டவே ஒட்டாது. எனக்கு வந்து ஒன்பது வருடம். நானும் அந்தத் தாளைப் படித்துவிட்டு ஆறு மாதம் போடாமல் இருந்தேன். அதற்குள் பிறப்புறுப்பின் இதழ்கள் ஒட்டிச் சுருங்கிவிட்டன. போன வடிவம் திரும்ப வராது. அம்மாவை அப்படி விட்டுவிடாதீர்கள். எனக்குச் சொன்ன கணக்கு: முதல் மாதம் தினமும் இரவில், அடுத்த மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் மாதம் வாரம் இருமுறை. ஒருமுறைக்கு விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை, அதாவது அரை கிராம். 30 கிராம் டியூப் மூன்று மாதத்துக்கு வந்தால் அளவு சரி. அம்மாவுக்கு அவருடைய மருத்துவர் சொன்னபடியே போடுங்கள். கண்ணாடி வைத்து வெளுத்த இடம் பார்த்துப் போடச் சொல்லுங்கள்.

பதில் 2:
மருந்தாளுநராக இருக்கிறேன். அம்மாவின் பயத்துக்குக் காரணம் உண்டு. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைத் தாங்களாகவே வாங்கிப் போட்டு, படர்தாமரை தொடையெல்லாம் பரவி வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அது பூஞ்சை, ஸ்டீராய்டு அதை வளர்க்கும். அம்மாவுக்கு இருப்பது தோலின் அழற்சி. இதற்கு முதல் மருந்தே இந்த ஸ்டீராய்டுதான். சோப்பு, டெட்டால் தண்ணீர் இரண்டையும் நிறுத்துங்கள். சிறுநீர் பட்டு எரிந்தால் முன்கூட்டியே கொஞ்சம் வாஸ்லின் தடவலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நூறில் ஐந்து பேருக்கும் குறைவாகவே இது புற்றுநோயாகிறது. ஆனாலும் கட்டியோ ஆறாத புண்ணோ தெரிந்தால் உடனே காட்டுங்கள். அரிப்பு நின்ற பிறகும் வருடம் ஒருமுறை பரிசோதனைக்குப் போகட்டும்.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து):
அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். அன்றிரவே போட ஆரம்பித்தார். இப்போது விடியும்வரை தூங்குகிறார். வெளுப்பு மட்டும் அப்படியே இருக்கிறதே?

பதில் 1:
நிறம் முழுதாகத் திரும்பாமல் போகலாம், எனக்கும் அப்படித்தான். அரிப்பு நின்றுவிட்டதே என்று நடுவில் நிறுத்திவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.